பன்னிரண்டு மணி வேன்

அந்தக் கடிதத்தை டைப் அடித்தபோது என் விரல்களில் அயிரை மீன் குழம்பு மணத்தது. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

மேனேஜர் ஜன்னலோரம் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லில் ஆங்கிலக் கடிதங்கள்தான் அதிகம். தமிழ் மிஷின் மூலையில் உறை மூடிக் கிடக்கும். நோட்டீஸ் ஒட்டவும் நகராட்சிக்கு எழுதவும் மட்டுமே அதை எடுப்போம்.

"'எமது ஆலை வாயிலுக்கு வெளியே வேனில் விற்கப்படும் சுகாதாரமற்ற உணவை உட்கொண்டதால்'... போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"'பதினோரு தொழிலாளர்கள் வாந்தியெடுத்து அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளனர். மேற்படி வேனை உடனடியாக அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.'"

'அப்புறப்படுத்துமாறு' என்பதைப் பிழையில்லாமல் அடித்தேன். அந்த வேனில் அன்று பன்னிரண்டேகாலுக்கு நானும் சாப்பிட்டிருந்தேன். மணி நாலரை ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. சொல்லப்போனால் லேசாகப் பசிக்க ஆரம்பித்திருந்தது.

தாளை உருவிக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். பியூன் அதை உறையிலிட்டு சைக்கிளில் எடுத்துப் போனார். நான் மிஷினுக்கு உறையை மாட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் செய்ததையே அதிகம் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் நான் செய்தது, செய்யாமல் விட்டது.

மதினியின் டிபன் பாக்ஸ்

எண்பதுகளின் பின்பாதி. எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நான், அண்ணன், மதினி, அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள். காலை எட்டு மணி பஸ்ஸில் ராஜபாளையம் போய், சாயங்காலம் திரும்புவேன்.

மதினி ஐந்து மணிக்கு எழுந்து எனக்குக் கட்டிக்கொடுப்பார். திங்கள் எலுமிச்சை, செவ்வாய் புளி, புதன் தயிர், வியாழன் மறுபடி எலுமிச்சை. வெள்ளியன்று சாம்பார் சாதம். பாக்ஸை என் கையில் கொடுக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: "நேத்து பத்துச்சா?"

"பத்துச்சு மதினி."

வாரம் தவறாமல் ஒரே சோறு என்பது குறையில்லை. பல வீடுகளில் அதுவும் கிடையாது. ஆனால் பஸ்ஸின் வெக்கையிலும் ஆபீஸ் பீரோவின் வெக்கையிலும் வெந்து, மத்தியானம் திறக்கும்போது அந்தச் சோறு ஒரு மாதிரி வியர்த்திருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் வீடு அப்படித்தான். அப்பா உயிரோடு இருந்தவரை வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஒரு முறை திருச்சியிலிருந்து ரயிலில் வரும்போது வழியில் எங்கோ ரயில் அரை நாள் நின்றுவிட்டது. எல்லோரும் பிளாட்பாரத்தில் பொட்டலம் வாங்கித் தின்றார்கள். அப்பா மட்டும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். நானும் அண்ணனும் அவர் துண்டை விலக்கிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே ஜன்னல் வழியாக ஒரு வடை வாங்கி இரண்டாகப் பிய்த்தோம். அந்த வடையின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. ருசி நினைவில்லை.

ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்

மில்லில் டெலிபோன் போர்டில் இருந்தவள் மேரி. கான்சாபுரத்துப் பெண். ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். விடுதியில் ராத்திரிக்கு உப்புமா மட்டும்தான் என்பது அவளுடைய நிரந்தரப் புகார்.

ஒரு நாள் என் எலுமிச்சைச் சோற்றை எட்டிப் பார்த்தவள், "ஏட்டி, இது ராத்திரி வரைக்கும் கெடாதுல்ல?" என்று கேட்டாள்.

"கெடாது."

"அப்ப இத எங்கிட்ட குடு. மத்தியானத்துக்கு நாம வெளிய போவோம். இந்த ஊர்ல எம்புட்டு வண்டி நிக்குது! ஒண்ணொண்ணாப் பாத்திருவோமே."

அப்படித்தான் ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் இடைவேளை. நடந்து போய், தின்று, நடந்து திரும்ப வேண்டும்.

முதலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தள்ளுவண்டி. தக்காளி சாதம். சாதத்தின் சிவப்பு விரலில் ஒட்டி, நான் அன்று அடித்த இன்வாய்ஸின் ஓரத்தில் கைரேகையாக விழுந்தது. மறுநாள் பஞ்சுக் கடைகள் இருந்த தெருவில் கம்பங்கூழ் வண்டி. கூழ் நன்றாகவே இருந்தது. ஆனால் அங்கே நின்று குடித்தவர்கள் எல்லோரும் மூட்டை தூக்குகிறவர்கள். அவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் சொம்போடு மறுபக்கம் திரும்பிக்கொண்டு குடித்தார்கள். கூச்சம் எங்களுக்கா அவர்களுக்கா என்று தெரியவில்லை. அங்கே மறுபடி போகவில்லை.

பள்ளிவாசல் பக்கம் சைக்கிள் வண்டியில் பிரியாணி விற்ற பாய் ஒருவர் இருந்தார். எங்களைக் கண்டதும், "நின்னு திங்க வேண்டாம்மா, பொட்டலமாத் தாரேன். ஆபீஸ்ல போய் நல்லா உக்காந்து சாப்பிடுங்க" என்றார். ரெக்கார்டு ரூமில் பழைய லெட்ஜர்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த அறையில் ஒரு வாரத்துக்குப் பட்டை கிராம்பு வாசம் நின்றது. கேஷியர் எலி செத்திருக்கிறதோ என்று தேடினார்.

சனிக்கிழமை மில் அரை நாள். ஒரு சனிக்கிழமை மேரி என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாள். கோர்ட்டுக்கு வெளியே ஒரு வண்டியில் தயிர்ச் சோறும் மாவடுவும். வக்கீல் குமாஸ்தாக்கள் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என் அண்ணனுக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பாரோ என்று நான் குடையை விரித்துப் பிடித்திருந்தேன். உச்சி வெயில் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மேரி அந்தக் குடைக்குள் இரண்டு இலை காலி செய்தாள்.

பொதுவாகச் சொன்னால் சுமார்தான். சில இடத்தில் உப்பு, சில இடத்தில் கல். ஆனால் ஒவ்வொரு நாளும் பதினொன்றரை மணிக்கு, இன்று எங்கே என்று யோசிப்பது இருக்கிறதே, அதற்காகவே வேலைக்குப் போன நாட்கள் உண்டு.

சோழபுரத்திலிருந்து

அந்த வேன் கடைசியாக வந்தது. வந்த பிறகு நாங்கள் வேறெங்கும் போகவில்லை.

பழைய மெட்டடோர் வேன். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கும். கனகம் என்ற பெண்ணும் அவர் கணவர் முத்தையாவும் சோழபுரத்தில் வீட்டில் சமைத்து, பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு வருவார்கள். மில் சங்கு ஊதும்போது வேன் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பின்கதவைத் திறந்திருக்கும். முத்தையா அண்ணன் ஓட்டுவார், தண்ணீர் பிடிப்பார், இலை நறுக்குவார். பேச மாட்டார். பேச்செல்லாம் கனகக்காதான்.

தெலுங்கு பேசுகிற தொழிலாளிகளுக்காக இரண்டு சொல் மட்டும் கற்று வைத்திருந்தார். 'இங்கா' என்றால் இன்னும். 'சாலு' என்றால் போதும். "இங்கா?" என்று கரண்டியைத் தூக்குவார். "சாலு" என்று சொன்னாலும் ஒரு கரண்டி விழும்.

பெண்கள் தெருவில் நின்று சாப்பிடுவதில் இருந்த சங்கடத்தை அவர் முதல் நாளே கவனித்துவிட்டார். வேனுக்கும் மில் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடைவெளி இருந்தது. "இந்தப் பக்கமா வாங்க தாயி. ரோட்டுக்கு நம்ம வேன்தான் மறப்பு" என்று அங்கே ஒரு பலகையைப் போட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து அது எங்கள் இடம்.

சோறு ஆவி பறக்கும். தினமும் ஒரு குழம்பு, ஒரு வெஞ்சனம், ரசம், மோர். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து ஒரு கூட்டு வைப்பார். அதன் புகை வாசம் சேலை மடிப்பில்கூட இருக்கும். மழைக்குப் பிறகு கண்மாய் நிறைந்தால் மீன். வெள்ளிக்கிழமை சாம்பார்தான், ஆனால் வேண்டியவர்களுக்குத் தனிச் சட்டியில் மீன் குழம்பும் இருக்கும். மேரிக்குப் பிரச்சினை இல்லை. எனக்கு, வெள்ளிக்கிழமை தோறும் வாசல் முதல் அடுப்படி வரை கழுவிவிடும் மதினியை நினைத்தால் தொண்டையில் முள் குத்தும். குத்தக் குத்தச் சாப்பிட்டேன்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. மதினியின் சோறு மேரியின் ராத்திரிச் சாப்பாடாயிற்று. காலையில் காலிப் பாக்ஸைக் கழுவிக் கொண்டுவந்து தருவாள். நான் சாயங்காலம் அதை வீட்டில் வைப்பேன். ஒரு நாள் பிந்திய பாக்ஸ். இரண்டு பாக்ஸ்கள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை

மூன்று மணிக்கு வைண்டிங் செக்‌ஷனில் ஒரு பெண் வாந்தியெடுத்தாள். அடுத்த அரை மணிக்குள் பதினோரு பேர். எல்லோரும் அந்த ஒரே செக்‌ஷன். கம்பெனி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

சூப்பர்வைசர் மேனேஜர் அறைக்கு வந்து, "மத்தியானம் அந்த வேன்ல மீன் தின்னிருக்காக சார்" என்றார். அதில் பாதி உண்மை. பல பேர் தின்றிருந்தார்கள். யார் யார் தின்றார்கள், யார் யார் வாந்தியெடுத்தார்கள் என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கடிதம் சொல்லப்பட்டது. நான் அடித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் நிறைய. ஒருவேளை குழம்பின் அடிச்சட்டி கெட்டிருக்கலாம். நான் முதலில் சாப்பிட்டதால் தப்பித்திருக்கலாம். விசாரித்தால் நகராட்சிக்காரர்களே கண்டுபிடிப்பார்கள். நான் சொல்லி என்ன ஆகப்போகிறது.

வீட்டுக்குப் போனதும் மதினி கேட்டார், "சாம்பார் சாதம் பத்துச்சா?"

"பத்துச்சு."

பாக்கியம் சொன்னது

சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களின் இ.எஸ்.ஐ. நம்பரைச் சரிபார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். எல்லோரும் தேறியிருந்தார்கள். கட்டில்களுக்கு நடுவே நடந்து நடந்து நம்பரைக் குறித்தேன்.

கடைசிக் கட்டிலில் பாக்கியம். நாற்பது வயதிருக்கும். முகம் வெளுத்திருந்தாலும் குரலில் கோபம் குறையவில்லை.

"ஏம்மா, நாங்க வேன்ல மீன் தின்னு வாந்தியெடுத்ததா எழுதியிருக்காகளாம்ல? நர்ஸு சொல்லுதா."

"ஆமா."

"நான் வெள்ளிக்கிழமை வெரதம். வருசக்கணக்கா. பச்சத் தண்ணி மட்டுந்தான். என்னைப் போயி மீன் தின்னான்னு எழுதலாமா?"

நான் பேனாவை மூடினேன். "தண்ணி எங்க குடிச்சீங்க?"

"எங்க குடிப்பேன்? செக்‌ஷன்லதான். பழைய டிரம்மு ஒழுகுதுன்னு அன்னைக்குக் காலையில வேற டிரம்மு கொண்டாந்து வச்சாக. ஒரு மருந்து வாடை. புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்னு குடிச்சுட்டேன். வெரதம்னா தண்ணி கூடுதலாக் குடிப்போம்ல, நாலு சொம்பு குடிச்சேன்."

பதினோரு பேரில் அதிகமாக வாந்தியெடுத்தது அவர்தான்.

பதினோரு மணிக்கு மில்லுக்குத் திரும்பி நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அண்ணனோடு காலேஜில் படித்தவர். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பாக்கியம் சொன்னதை அப்படியே சொன்னேன். முழுதாகக் கேட்டார். முகம் மாறியது. உடனே போனை எடுத்து அந்த டிரம்மை வெளியே எடுக்கச் சொன்னார். அதில் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"அந்த லெட்டர் சார்?"

"அது நேத்தே போயிருச்சேம்மா."

"வாபஸ் வாங்கிரலாம்ல?"

"வாங்குனா, அப்ப எதனாலன்னு கேப்பாங்க." சற்று நிறுத்தினார். "வேன் இன்னொரு எடத்துல நின்னுட்டுப் போகுது. மில்லு போக முடியுமா?"

"சார், நானும் நேத்து அங்கதான் சாப்பிட்டேன். அதே மீன் குழம்பு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"வெள்ளிக்கிழமையிலயா? ஒங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

நான் வெளியே வந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு சங்கு ஊதியது. அலுவலக ஜன்னலில் மேரியும் நானும் நின்றோம். விஷயம் தெரியாமல் வேன் வழக்கம்போல் வந்தது. மரத்தடியில் நகராட்சி ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கனகக்கா இறங்கி ஏதோ கேட்பது தெரிந்தது. கையை விரிப்பது தெரிந்தது. ஒரு சட்டியின் மூடியைத் திறந்து அவர்களிடம் காட்டினார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். சாப்பிட வந்த தொழிலாளிகள் பத்தடி தள்ளி நின்றுகொண்டார்கள். தினமும் "இங்கா" கேட்டவர்கள். யாரும் கிட்டே போகவில்லை. நாங்களும் இறங்கிப் போகவில்லை.

முத்தையா அண்ணன் பின்கதவைச் சாத்தினார். வேன் திரும்பிப் போயிற்று.

"ஏட்டி, நமக்குத் தெரியும்லட்டி" என்றாள் மேரி. அவள் வேலை இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. அதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மதினி பாத்திரத்தை எடுத்துவைத்தார். நான் இரண்டு வருடக் கதையையும் சொன்னேன். தள்ளுவண்டி, வேன், மேரிக்குப் போன சோறு, வெள்ளிக்கிழமை மீன், கடிதம், பாக்கியம். நாளைக்கு நகராட்சியில் போய் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்பதையும் சொன்னேன்.

முதலில் பேசியது மதினி. "வெள்ளிக்கிழமையிலயாட்டி மீன் தின்ன?"

"ஆமா மதினி."

அண்ணன் வெற்றிலையைக் கீழே வைத்தார். "அவன் மொகத்துல நான் எப்படி முழிக்க? கெஞ்சிக் கூத்தாடி வாங்குன வேல இது."

மதினி ஈயச் செம்பைக் கவிழ்த்து வைத்தார். நிமிர்த்தினார். மறுபடி கவிழ்த்தார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன்.

"அப்ப நாளையிலருந்து நான் அஞ்சு மணிக்கு எந்திரிக்க வேண்டாமா?"

"வேண்டாம் மதினி."

"இத ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாம்லட்டி! எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பிழிஞ்சு என் நகக்கண்ணெல்லாம் வெந்து போச்சு. நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுவன்னு நானும் பாக்கேன், பத்துச்சு பத்துச்சுன்னே சொல்லுத."

அதுவரை அந்த வீட்டில் நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அவரும் என்னைப் போலவே ஒரு சோற்றைச் சுமந்துகொண்டிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது.

அண்ணன், "இங்க நான் என்ன பேசுதேன், நீ என்ன பேசுத?" என்றார்.

"நீங்க எதுக்கு முழிக்கிய அவிய மொகத்துல? அவ தின்னத அவ எழுதிக் குடுக்கா. வெள்ளிக்கிழமை மீன் தின்னது எனக்குப் பிடிக்கல. அது வேற. அந்தப் பொம்பளை என்ன பாவம் செஞ்சா?"

அண்ணன் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

இரண்டாவது தாள்

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் பெர்மிஷன் வாங்கினேன். காலையிலேயே, எல்லோரும் வருவதற்கு முன்னால், அதே தமிழ் மிஷினில் அடித்து வைத்திருந்தேன். பத்து வரி. மேற்படி வேனில் மேற்படி நாளில் சோறும் மீன் குழம்பும் உட்கொண்டேன், எவ்வித உபாதையும் ஏற்படவில்லை. பாதிக்கப்பட்டவருள் பாக்கியம் என்பவர் அன்று விரதம், தண்ணீர் மட்டுமே அருந்தியுள்ளார். என் பெயர், வேலை, வீட்டு விலாசம்.

சுகாதார ஆய்வாளர் வழுக்கைத் தலையர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"வெள்ளிக்கிழமை மீனா?"

"ஆமா சார்." அந்தக் கேள்விக்கு அதற்குள் பழகிவிட்டேன்.

"மில்லுல வேல பாத்துக்கிட்டு மில்லு லெட்டருக்கு எதிரா எழுதுதிய. யோசிச்சுத்தான் செய்தியளா?"

"ரெண்டு நாள் யோசிச்சேன் சார்."

அவர் தாளில் சீல் குத்தி, காப்பியை என்னிடம் கொடுத்தார். அந்த வாரமே சோழபுரத்துக்குப் போய்ப் பாத்திரம், தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வேனில் குறையில்லை என்று எழுதிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மேரியிடம் காப்பியைக் காட்டினேன். "என் பேர ஏன் விட்ட?" என்றாள்.

"கேக்காம எப்படிப் போட?"

"கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதம் என்னைக் கழிவுப் பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள். பேல் என்கிற பஞ்சுப் பொதிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. மிஷின் கிடையாது. தும்மல் உண்டு. ஒன்றரை வருடம் அங்கே இருந்தேன். மேனேஜர் என்னை எங்கே பார்த்தாலும், "அண்ணன் சௌக்கியமா?" என்று கேட்பார். அண்ணனும் அவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள். அது எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

வேன் மில் கேட்டுக்குத் திரும்பி வரவில்லை. வரலாம் என்று ஆன பிறகும் வரவில்லை.

கிருஷ்ணன்கோவில்

கிருஷ்ணன்கோவிலில் நிற்கிறார்கள் என்று கண்டக்டர் ஒருவர் சொன்னார். அங்கே எஞ்சினியரிங் காலேஜ் வந்த பிறகு ரோட்டோரத்தில் வண்டிகள் முளைத்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நானும் வாரேன்" என்று மதினி கிளம்பினார். கல்யாண வீடு தவிர வெளியில் அவர் சாப்பிட்டதே கிடையாது. பஸ்ஸில் ஏறும்வரை சேலையை மூன்று தடவை சரிசெய்தார்.

வேனைச் சுற்றி ஹாஸ்டல் மாணவர்கள். கனகக்கா என்னைப் பார்த்ததும் கரண்டியோடு இறங்கி வந்தார்.

"தாயி! நீங்க எழுதிக் குடுத்ததாலதான் வண்டி ஓடுதுன்னு இன்ஸ்பெக்டரு சொன்னாக. வாங்க, வாங்க. இவிய யாரு?"

"எங்க மதினி."

இலை போட்டார். மதினி முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார். இரண்டாவது கவளம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றாமல் இருந்திருந்தால் அந்தச் சாப்பாடு நல்லபடியாக முடிந்திருக்கும்.

"அக்கா, முதல்ல மில்லுல இருந்து ஒரு லெட்டர் போச்சுல்ல, ஒங்கள அப்புறப்படுத்தணும்னு. அதையும் நான்தான் அடிச்சேன். நானும் சாப்பிட்டு ஒண்ணும் செய்யலன்னு தெரிஞ்சும் அடிச்சேன்."

அவர் கையிலிருந்த கரண்டி நின்றது. முத்தையா அண்ணன் இலை நறுக்குவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையே அடிச்சியளா?"

"ஆமா."

"வேல. சொன்னா அடிக்கத்தான் செய்யணும்." குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சனிக்கிழமை ஆக்குன சோறு அம்புட்டையும் ஊரு ஓடையில கொண்டு கொட்டுனோம். அறுவது பேருக்கு ஆக்குனது. அதைத் தின்னா சாவோம்னு நெனச்சு அக்கம்பக்கத்துல ஒருத்தரும் வாங்கல. நாய்தான் தின்னுச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகல."

பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். நாங்கள் கிளம்பும்வரை எங்கள் பக்கம் வரவில்லை. கை கழுவ நாங்களே தண்ணீர் மொண்டுகொண்டோம்.

திரும்பும் பஸ்ஸில் மதினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார். பிறகு, "இல்ல, சொன்னது சரிதான்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் மறுபடி, "அந்தக் கத்தரிக்கா கூட்டு எப்படி வைக்கான்னு கேட்டிருக்கலாம்" என்றார்.

இரண்டு மாதம் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு கல்யாணத்துக்கு வத்திராயிருப்பு போய்விட்டுத் திரும்பும்போது, கிருஷ்ணன்கோவிலில் பஸ் மாற வேண்டியிருந்தது. மத்தியான நேரம். வேன் நின்றிருந்தது. மதினி என்னைக் கேட்காமலே அதை நோக்கி நடந்தார்.

கனகக்கா இலை போட்டார். சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். எல்லாம் அளவாக, பேச்சில்லாமல். மதினி கூட்டுக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

கை கழுவ எழுந்தபோது அவரே சொம்பை எடுத்து வந்து என் கையில் தண்ணீர் ஊற்றினார்.

"அந்த ரெண்டாவது லெட்டர்ல என்னன்னு எழுதுனிய?"

"ஒங்க வேன்ல சாப்பிட்டேன், ஒண்ணும் செய்யலன்னு."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"சோறு நல்லாருந்துச்சுன்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்ல" என்றார் கனகக்கா.